வசனத்தில் என் பெயரைப் போட்டுக்கொண்டால் ஜெபமாகிவிடுமா?

கேள்வி, 6 ஜனவரி 2025

பாலக்கோடு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்டது) எடுத்தேன், எரேமியா 29:11 வந்தது: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற வசனம். "உங்கள்பேரில்" என்று வருகிற இடத்தில் என் பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் போட்டு தினமும் காலையில் சொல்லச் சொன்னார்கள். அவர் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லி முடித்ததும் அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன். வசனம் சொல்வதும் ஜெபிப்பதும் ஒன்றுதானா? மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

7 ஜனவரி

ஒன்றல்ல, சகோதரி. ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழி உண்டு. இன்று மண்டியில் கணக்கு முடிக்கும் நாள், இரவு விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒரு வேலை: அட்டையை வைத்துவிட்டு எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து 14 வரை படியுங்கள். அட்டையில் இடமில்லாததால் விட்டதெல்லாம் அங்கே இருக்கிறது.

7 ஜனவரி, இரவு

அந்த அதிகாரம் ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது. அவர்களுக்கு அவசரம், சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டும். முந்தின அதிகாரத்திலேயே அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டான். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார் (29:10). அதற்கு அடுத்த வசனம்தான் உங்கள் அட்டை. எழுபது வருஷம் காத்திருக்கச் சொன்ன கையோடு சொன்ன ஆறுதலை, இந்த வருஷத்துக்குள் என்று எடுத்துக்கொண்டு அதில் நம் பெயரை எழுதுவது, அடுத்தவர் பட்டா நகலில் நம் பெயரை எழுதிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போவதுபோல.

அப்படியானால் அந்த வசனம் நமக்கு இல்லையா? இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்ட இருப்பது 7-ஆம் வசனம் என்பேன். நீங்கள் போயிருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் இருக்கும் என்கிறது. பிழைப்புக்காக வெளியூர் போனவர்களின் வசனம் அது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பெங்களூருக்கு ஆள் அனுப்பாத தெரு எது? அதை ஜெபமாக்கினால் ஏறக்குறைய இப்படி வரும்:

ஆண்டவரே, அவர் வேலை பார்க்கும் அந்த ஊர் நன்றாக இருக்கட்டும். சாரம் உறுதியாகக் கட்டியிருக்கட்டும். மேஸ்திரி சனிக்கிழமைக் கூலியை இழுத்தடிக்காமல் தரட்டும். கூடத் தங்கியிருக்கிற பையன்கள் குடித்துவிட்டுச் சண்டை போடாமல் இருக்கட்டும். அந்த ஊரைத் திட்டாமல் இருக்க எனக்கும் மனசு தாரும்.

கடைசி வரியைச் சொல்லத்தான் நேரம் பிடிக்கும். இதில் உங்கள் பெயர் எங்கும் வரவில்லை என்பதையும் பாருங்கள்.

8 ஜனவரி

"அப்போ எல்லா அட்டையையும் கிழித்துப் போடணுமா?" என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம் ஐயா. பைபிளுக்குள் வையுங்கள், பக்கம் அடையாளத்துக்கு ஆகும். என் பைபிளில் பல வருஷத்து அட்டைகள் இருக்கின்றன, எது எந்த வருஷம் என்று தெரியாது. 2020-இல் எங்கள் வீட்டுக்கு வந்த அட்டை பிரயாணம் பற்றியது!

11 ஜனவரி

சங்கீதங்களைப் பற்றி. இவற்றை ஜெபமாக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், பாதிக்கு மேல் ஏற்கெனவே ஜெபம்தான். ஆனால் யார் யாரிடம் பேசுகிறார் என்று மட்டும் கவனிக்க வேண்டும். 23-ஐ எடுங்கள். சிறு பிள்ளையாக மனப்பாடம் செய்ததால் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறோம். முதல் மூன்று வசனத்தில் அவர் மேய்ப்பர், அவர் நடத்துகிறார் என்று யாரிடமோ சாட்சி சொல்கிற பேச்சு. நான்காவதில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது, வந்தவுடன் பேச்சு திரும்பிவிடுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." இருட்டு வரும்வரை அவரைப் பற்றிப் பேசியவர் இருட்டில் அவரிடமே பேசுகிறார். நான் அந்த இடத்தில் நிறுத்தி அன்றைக்கு எனக்கு எது பள்ளத்தாக்கோ அதைச் சொல்லுவேன். பிறகுதான் ஐந்தாம் வசனம். சில நாள் ஐந்தாம் வசனத்துக்கு வந்து சேருவதே இல்லை, பஸ் வந்துவிடும்.

121 வேறு மாதிரி. முதல் இரண்டு வசனம் "நான்". மூன்றிலிருந்து "உன்" என்று மாறிவிடுகிறது, பயணம் போகிறவருக்கு வேறொருவர் சொல்வதுபோல. ஆகவே இதை இன்னொருவர்மேல் சொல்லலாம். என் மகன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ் விடியுமுன் வந்துவிடும். அவன் செருப்பு மாட்டும்போது "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்" என்று நான் சொன்னால் முதலில் நெளிவான். இப்போது நான் மறந்தால் நின்று பார்க்கிறான்.

12 ஜனவரி

தொப்பூர் கணவாய் வழியாக லாரி ஓட்டுகிறவரின் மனைவி எழுதியிருக்கிறார். 121:3-இல் காலைத் தள்ளாடவொட்டார் என்று வருவதை "பிரேக்கைத் தள்ளாடவொட்டார்" என்று சொல்கிறாராம், தப்பா என்று கேட்கிறார். தப்பே இல்லை அக்கா. அந்த இறக்கத்தில் லாரிக்காரருக்குக் கால் என்பது பிரேக்தானே. அடுத்து வருகிற "உறங்கார்" என்பதையும் விடாமல் சொல்லுங்கள். ராத்திரி ஓட்டுகிறவருக்குத் தூக்கம்தான் பெரிய எதிரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி முகம் கழுவச் சொல்வதும் அதே ஜெபத்தின் தொடர்ச்சி.

19 ஜனவரி

மத்தேயு 6:7-ஐ எடுத்துப்போட்டு, ஒரே வார்த்தையைத் தினமும் சொல்வது வீண்வார்த்தை அலப்புவது என்று ஒரு சகோதரர் கண்டித்திருக்கிறார். அதற்கு இரண்டு வசனம் தள்ளி ஆண்டவரே பரமண்டல ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகக் கொடுக்கிறார். கெத்செமனேயில் மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. திரும்பச் சொல்வதில் குற்றமில்லை. சொல்லச் சொல்ல தானாக நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு அடுக்குவதில்தான் இருக்கிறது.

2 பிப்ரவரி

கதைப் பகுதிகளை எப்படி ஜெபமாக்குவது என்று பென்னாகரத்து ஆசிரியை ஒருவர் கேட்டார். ராஜாக்கள், யுத்தம், வம்ச வரலாறு எல்லாம் வருகிற நாளில் என்ன செய்வது என்று.

கதைக்குள் யார் எதைக் கேட்கிறார்கள் என்று தேடி அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். 2 இராஜாக்கள் 2-ஐ எடுத்துக்கொள்வோம். எலியா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட விறுவிறுப்பில் கடைசிப் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. எரிகோ ஊர்க்காரர்கள் எலியாவின் சீடர் எலிசாவிடம் வருகிறார்கள்: ஊர் குடியிருக்க நல்ல ஊர்தான், தண்ணீர் கெட்டது, நிலமும் பாழ். இதைப் படித்துவிட்டு பென்னாகரத்துக்காரர் சும்மா இருக்க முடியுமா! ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு, பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை, வயதானவர்களுக்கு மூட்டு மடக்க முடியாது. இதற்காகத்தானே இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எரிகோக்காரர்கள் ஆன்மிகமாக எதையும் சுற்றி வளைக்கவில்லை. தண்ணீர் கெட்டது, அவ்வளவுதான் மனு. எலிசா புதுத் தோண்டியும் உப்பும் கொண்டுவரச் சொல்கிறார், ஊற்று இருக்கும் இடத்துக்கே போகிறார்.

உங்கள் ஜெபம் அந்த மனுவாகவே இருக்கட்டும், டீச்சர். எங்கள் தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் தடையில்லாமல் வரட்டும், வால்வு திறக்கிறவருக்கு மனசு வரட்டும், வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளை கையை எடுத்துவிட்டுச் சிரிக்கட்டும். வம்ச அட்டவணை வருகிற நாளில் நான் என் வீட்டுப் பெரியவர்கள் பெயர்களைச் சொல்லி நன்றி சொல்கிறேன். அதற்கு மேல் அதில் எதையும் பிழிய வேண்டாம்.

5 மார்ச், சாம்பல் புதன்

லெந்து, அதாவது தவக்காலம், தொடங்கிவிட்டது. எங்கள் சபை லுத்தரன். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷன் 1895-இல் இந்தியாவில் வேலையைத் தொடங்கியது இந்தக் கிருஷ்ணகிரியில்தான், சென்னையிலோ தரங்கம்பாடியிலோ அல்ல. ஊர்ப் பெருமை பேச ஒரு வாய்ப்பு, விடவில்லை.

எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தருக்கு முடி திருத்தும் பேதுரு என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். லுத்தர் 1535-இல் அவருக்குப் பதில் எழுதினார். கத்தியைப் பிடிக்கிற முடிதிருத்துநர் நினைவை வேறெங்கோ வைத்தால் அடுத்தவர் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார், ஜெபமும் அப்படித்தான் என்கிறார். பத்துக் கட்டளையில் ஒவ்வொன்றையும் நான்கு இழையாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதில் எதற்கு நன்றி, இதில் எதை அறிக்கையிட வேண்டும், இதிலிருந்து எதைக் கேட்க வேண்டும். ஒன்றில் மனசு பற்றிக்கொண்டால் மற்றதை விட்டுவிட்டு அதிலேயே இருங்கள் என்பதும் அவர் யோசனைதான். நான்கையும் முடித்தே ஆகவேண்டும் என்று யாரும் நிற்க வேண்டாம்.

கட்டளை, நீதிமொழி மாதிரிப் பகுதிகளுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. என் தொழிலுக்கு நீதிமொழிகள் 11:1 எழுதி வைத்ததுபோல் இருக்கிறது: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." மாங்காய் மண்டியில் எடை போடுகிறவன் இதைப் படித்தால் வேர்க்கும். நன்றி என்ற இழையில் எனக்கு வந்தது எலக்ட்ரானிக் தராசு. படிக்கல் காலத்தில் நடந்ததெல்லாம் வேறு. அறிக்கை என்ற இழையில் வந்தது கழிவு. தராசு சரியாகக் காட்டினாலும் டன்னுக்கு இவ்வளவு கழிவு என்று பிடிக்கிறோமே, அது கள்ளத்தராசில் சேருமா சேராதா? கேட்க வேண்டியதை இன்னும் கேட்டபாடில்லை. முதலாளியிடம் பேச வேண்டியிருக்கும்.

6 மார்ச்

கழிவு பற்றி மட்டும் ஏகப்பட்ட பதில். மாங்காய் விவசாயிகள் இவ்வளவு பேர் இதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் ஜாக்கிரதையாக எழுதியிருப்பேன். அழுகலுக்குக் கழிப்பது நியாயம், பார்க்காமலேயே கழிப்பது நியாயமில்லை என்பது என் கட்சி. இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

23 மார்ச்

பகைவரைச் சபிக்கிற சங்கீதங்களைச் சொல்லலாமா என்று கேட்டவருக்கு: சொல்லலாம், ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். வரப்புத் தகராறில் பங்காளி ஒருவர் எங்களை அலைய வைத்த காலத்தில் 35-ஆம் சங்கீதம் எனக்கு வெல்லம். என் வழக்காளிகளோடே வழக்காடும் என்று ஆரம்பமே வக்கீல் நோட்டீஸ். 13-ஆம் வசனத்தில்தான் மாட்டினேன். அந்த எதிரிகள் வியாதியாய் இருந்தபோது தாவீது இரட்டு (துக்கத்துக்கு உடுத்தும் சாக்குத்துணி) உடுத்தி உபவாசம் இருந்தாராம். மாட்டு ஆஸ்பத்திரிக்குக்கூடப் பங்காளியோடு போகாத என் வாயில் அது வராது. அந்த வசனத்தைத் தாண்டிக் குதித்து அடுத்ததற்குப் போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. போகவில்லை. "இது எனக்கு உண்மையில்லை ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு அங்கேயே எழுந்தேன். அதன்பிறகு மேல் வசனங்களைச் சொல்லும்போதும் முன்பு இருந்த ருசி இல்லை.

வழக்கு என்னவானது என்று கேட்காதீர்கள், நடந்துகொண்டிருக்கிறது.

26 ஏப்ரல்

கோவிலூர்க்காரர், கத்தோலிக்கர், நல்ல விஷயம் ஒன்று சொன்னார். அவர்களுக்குத் தினத் திருப்பலியில் வாசகத்துக்குப் பின் பதிலுரைப் பாடல் என்று ஒரு சங்கீதத் துண்டு வருகிறது, அதை அன்று முழுக்க வேலைக்கு நடுவே சொல்லிக்கொள்கிறாராம். தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை. நாம் தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்ததைத்தான் எடுப்போம், அதுவும் உண்மை. பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் "ஆண்டவர் என் ஆயர்" 22 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், எண்ணிக்கை முறை வேறு, பாட்டு அதே.

11 மே

ஜெபத்தை நோட்டில் எழுதுங்கள் என்று தனியாகக் கேட்ட சிலருக்குச் சொல்லியிருந்தேன். இப்போது அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். எனக்கு எழுத எழுத வாக்கியம் அழகாகிவிடுகிறது. அழகானதும் யாராவது படித்தால் தேவலை என்று தோன்றுகிறது. என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். வீட்டில் தெலுங்கு, சர்ச்சில் தமிழ். தாத்தா தமிழில் வாசிப்பார், பாட்டி கேட்டுவிட்டுத் தெலுங்கில் ஆண்டவரிடம் முறையிடுவார், பாதி முறையீடு தாத்தாவைப் பற்றியே இருக்கும். வீட்டில் எந்தப் பேச்சோ அதிலேயே கேளுங்கள். எழுதினால்தான் மனசு நிற்கும் என்பவர்கள் எழுதட்டும், எழுதியதை வாட்ஸ்அப்பில் போடாமல் இருந்தால் சரி.

15 ஜூன்

சீசன் படு மோசம். பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்துவிட்டது, பறிக்கும் கூலிகூடத் தேறாது என்று சில தோட்டத்தில் மரத்திலேயே விட்டுவிட்டார்கள். மாங்கூழ் பேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை. குடும்ப ஜெபத்தில் ஆபகூக் 3:17 வாசித்தோம். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று ஆரம்பிக்கிறதே, அதையே நம் ஊருக்கு மாற்றிச் சொன்னோம். மாங்காய்க்கு விலை இல்லாமற்போனாலும், ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளியைக் கொட்டிவிட்டு வந்தாலும், ராகிக்கு மழை தவறினாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் (இதை மாற்றவே வேண்டியதில்லை).

அடுத்து "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று வர வேண்டும். மைத்துனர் தோட்டக்காரர், கடன் வாங்கியிருக்கிறார். அவர் அதைச் சொல்லவில்லை. "நீங்க சொல்லுங்க மாமா, நான் இன்னொரு நாள் சொல்றேன்" என்றார். அது ஜெபத்துக்குக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபகூக்கே அந்த இடத்துக்கு ஒரே நாளில் வரவில்லையே, புத்தகத்தின் முதல் அதிகாரத்திலேயே எதுவரைக்கும் என்று கேட்டுச் சண்டை போட்டவர்தான் அவர்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இங்கே நான் வசனத்தில் சொந்த விஷயங்களைப் போட்டிருக்கிறேன், ஜனவரியில் பெயர் போடுவதை வேண்டாம் என்றேன். முரண்பாடு என்று யாராவது பிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இங்கே போட்டது நஷ்டங்களை. வரவுப் பக்கத்தில் நம் பெயரை எழுதத்தான் எல்லோரும் ஓடுகிறோம். நஷ்டப் பக்கத்திலும் எழுதத் தயார் என்றால் பெயர் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

17 ஜூன்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், சந்தோஷமாக முடியாத சங்கீதம் எதாவது உண்டா என்றார். 88. இருட்டிலேயே முடிகிறது, கடைசி வசனத்தில்கூட வெளிச்சம் கிடையாது. என்றாலும் ஆரம்பம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே". வீட்டில் பெரிய வியாதி இருப்பவர்களிடம் இதை வாசித்துக்காட்டி மேலே எதுவும் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

29 ஜூன்

முதல் கேள்வி கேட்ட சகோதரி வந்திருக்கிறார்! 29:7-ஐ வைத்துத்தான் ஜெபிக்கிறாராம். வீட்டுக்காரர் போனில் பேசும்போது "இன்னைக்கு எந்த மாடி?" என்று கேட்டு, அந்த மாடியைச் சொல்லி ஜெபிக்கிறாராம். இது எனக்குத் தோன்றாத ஒன்று. ஆனால் ஒரு வருத்தமும் எழுதியிருக்கிறார்: அவர் கட்டுகிற வீட்டில் எல்லாம் வேறு யாரோ குடியிருப்பார்கள், எங்களுக்கு இன்னும் ஓட்டு வீடுதான்.

ஏசாயா 65:21, 22 படியுங்கள் சகோதரி. ஒருவர் கட்ட இன்னொருவர் குடியிருப்பது இனி இருக்காது, தங்கள் கைகளின் கிரியையைத் தாங்களே அனுபவிப்பார்கள் என்று வருகிறது. புதிய வானம் புதிய பூமி பற்றிய பகுதி, ஆகவே அடுத்த வருஷம் வீடு வரும் என்று அதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வருத்தம் ஆண்டவருக்குப் புதுச் செய்தி இல்லை என்று அதை வைத்துத் தாராளமாகச் சொல்லலாம். அவரிடம் இதைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். வீட்டு வசதித் திட்ட விண்ணப்பத்தையும் பஞ்சாயத்தில் கொடுத்து வையுங்கள்.

6 ஜூலை

பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி என்று பலர் கேட்டாயிற்று. 136-ஆம் சங்கீதம். ஒருவர் ஒரு வரி சொல்ல எல்லோரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் சொல்வது. 26 வசனம். படைப்பில் ஆரம்பித்து எகிப்து, செங்கடல் என்று போய் எல்லாருக்கும் ஆகாரம் கொடுக்கிறவர், பரலோகத்தின் தேவன் என்று முடியும். முடிந்ததும் ஆளுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் சேர்ந்தவை: பஸ் பஞ்சரானதில் மேத்ஸ் டெஸ்ட் தள்ளிப்போனது, அவர் கிருபை என்றுமுள்ளது. அண்ணன் ஓசூரிலிருந்து கேக் வாங்கி வந்தான், அவர் கிருபை என்றுமுள்ளது. மாமாவுக்கு சொசைட்டியில் தவணை தள்ளிக் கொடுத்தார்கள், அவர் கிருபை என்றுமுள்ளது. கடைசி வரி மைத்துனரே சொன்னது.

நடுவில் சீகோன், ஓக் என்ற ராஜாக்களைக் கொன்றதற்கெல்லாம் கிருபை என்று வருகிறதே, பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்கிறார் டீச்சர். எங்கள் வீட்டில் கேட்டார்கள். எண்ணாகமம் 21-ஐத் திறந்து, யார் முதலில் வழிமறித்தது என்று வாசித்தோம். கொஞ்சம் ஒத்துக்கொண்டார்கள், முழுசாக இல்லை.

13 ஜூலை

119-ஆம் சங்கீதத்தை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: 176 வசனம், எட்டு எட்டாக 22 பகுதி. நாளுக்கு ஒரு பகுதி எடுங்கள், அதில் ஒரு வசனத்தை மட்டும் அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் பதினாறாகச் சேர்த்துப் படிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போனால் போதும். கடை திறக்குமுன் சொல்ல ஒரே வரியில் எதாவது வேண்டும் என்ற காவேரிப்பட்டினத்துக்காரருக்கு 141:3, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும்." உங்கள் கடை வாடிக்கையாளர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கு அது தேவைப்படும்.